ஏற்காட்டு மலைச்சாலையில் பழைய மோட்டார் சைக்கிள்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாள்களில் ஏற்காடு மலைச்சாலையில் ஓரங்கட்டி நிற்கும் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பார்க்கும் பலர், இவற்றை ஏன் இன்னும் சாலையில் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பழைய வண்டி என்றாலே புகை, பழுது, விபத்து என்று முடிவுகட்டும் அந்தப் பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், நான் நின்று பார்த்து உதவிய அளவில், அந்த வண்டிகள் வயதால் நின்றவை அல்ல; வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் முடித்திருக்கக்கூடிய வேலையை யாரும் செய்யாததால் நின்றவை. மைசூரில் தயாரான யெஸ்டி ஒன்றை நெடுங்காலமாக வைத்து ஓட்டுபவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தருமாறு வேண்டுகிறேன்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை அழகுக்காக வைத்திருப்பவர்கள் அல்லர். நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும் காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு, மிளகு மூட்டையையும் மருந்து தெளிக்கும் பம்பையும் வைத்துக் கட்டிக்கொண்டு போக ஒரு பழைய எக்ஸ்.எல். மொபெட் போதும்; புது வண்டிக்குத் தவணை கட்டுவது அவர்களுக்கு ஆகிற காரியமில்லை. 1985இல் வெளிவந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100 இன்றும் சேலத்துத் தெருக்களில் பால் கேனைச் சுமந்து ஓடுகிறது. அதே ஆண்டில் வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100ஐ அதிக விலைக்கு வாங்கி, சைலன்சரைக் கழற்றிவிட்டு நள்ளிரவில் ஊரை எழுப்பும் இளைஞர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அவர்களைப் போக்குவரத்துக் காவலர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது பெட்ரோல். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் அதுவே கிடைக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இந்தக் கலவையைத் தாங்கும்படி அமைக்கப்பட்டவை. நம்முடைய வண்டிகளோ அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியவை. பழைய பெட்ரோல் டியூப் கெட்டியாகி வெடிப்பு விடுவதும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில் மிதவை ஊசியின் ரப்பர் முனை உப்பிப்போய் பெட்ரோல் வழிவதும், டேங்கின் அடியில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருந்த பிசின் கரைந்து வந்து, பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டை அடைப்பதும் இதனால் நேர்பவை. இவற்றில் டியூப் வெடிப்பதுதான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் கசியும் பெட்ரோல் நேராகச் சூடான இன்ஜின் மேல் விழும். எத்தனாலைத் தாங்கும் டியூபைக் கேட்டு வாங்கி மாற்றுவதற்கு ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும், செலவும் மிகக் குறைவு; ஆனால் அந்த வேலையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும், விளக்கேற்றி வைத்திருக்கும் பூஜை அறைக்கு அடுத்த வராந்தாவில் அல்ல.

எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு என்பது மலையில் இருப்பவர்களை இன்னும் நேரடியாகத் தொடுகிறது. ஏற்காட்டின் மூடுபனிக் காலத்தில் பாதி காலியான டேங்குடன் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில், உள்ளே புகும் ஈரக் காற்றின் நீரை எத்தனால் உறிஞ்சிக்கொள்ளும். நீரின் அளவு ஒரு வரம்பைத் தாண்டியதும் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். ரிசர்வுக்குத் திருப்பினால் இன்ஜினுக்குப் போவது அந்த அடித்தண்ணீர்தான். யெஸ்டி போலப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றும் வண்டிகளுக்கு இது இரட்டைக் கேடு, ஏனென்றால் அந்த அடி அடுக்கு ஆயிலைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது. பிஸ்டன் வழவழப்பில்லாமல் ஓடிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். ஆகவே, அடிக்கடி ஓட்டாத வண்டியை டேங்க் நிறைய பெட்ரோலுடன் நிறுத்துவதும், பெட்ரோல் குழாயை மூடிவிட்டுக் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுவதும் பழக்கமாக வேண்டும்.

இதே பெட்ரோலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எத்தனால் எரிவதற்குக் குறைவான காற்றே போதும் என்பதால், பழைய ஜெட் அளவிலேயே ஓடும் இன்ஜினுக்குக் கலவை காற்று மிகுந்து முன்பைவிடச் சற்று வறண்டதாகிவிடுகிறது, அதனால் சூடும் கூடுகிறது. மாறாக, சேலத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவதால், அதே கார்புரேட்டர் அங்கே பெட்ரோலை மிகுதியாகக் கொடுக்கிறது. அடிவாரத்தில் நன்றாக இருந்த வண்டி பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேல் திணறுவதற்கும், ஏரிக்கரையில் கழற்றிப் பார்த்தால் பிளக் கரியாக இருப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். போரிங் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே சம்மதித்துவிட வேண்டாம். சமதளத்தில் சிறிது தூரம் ஓட்டி, இன்ஜினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றினால், காய்ந்த மண் நிறத்தில் இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்பதிலிருந்தே கலவையின் நிலை தெரிந்துவிடும். மலைக்காக ஜெட்டை மாற்றிவிட்டு அதையே சேலத்தில் ஓட்டுவது, வெளுத்த பிளக்கில், அதாவது பெட்ரோல் குறைந்த கலவையில், கொண்டுபோய் விடும். கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கம் மேக்னசைட் புழுதியில் தினமும் ஓடும் வண்டிகளுக்கு ஏர் ஃபில்டரே அடைத்து அதே கறுப்பைக் காட்டும் என்பதால், கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் ஃபில்டரைக் கழுவிவிட்டுப் பார்ப்பது நல்லது.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் இரண்டாம் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்சிலேட்டரை முழுதும் மூடிவிட்டு இறங்கினால் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுவிட, இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இடையிடையே ஆக்சிலேட்டரைச் சிறிது திருகிக் கொடுப்பது அந்தக் கால ஓட்டுநர்களுக்குக் கையிலேயே இருந்த பழக்கம். இன்று அதைச் சொல்லிக்கொடுப்பவர் குறைவு. கியரை நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு வருவது பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பவர்களுக்கு, டிரம் பிரேக் தொடர்ந்து அழுத்தப்பட்டால் சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பின் பிரேக்கை முழுதாக மிதித்த நிலையில், டிரம்முக்கு வெளியே இருக்கும் நெம்புகோலுக்கும் அதை இழுக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள கோணம் 90 பாகையைத் தாண்டியிருந்தால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். நட்டை இறுக்கி இறுக்கி நாளைக் கடத்தாமல் ஷூவை மாற்ற வேண்டும். மாற்றும்போது டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. பழைய ஷூக்களின் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை உறையில் கட்டிப் போட்டுவிட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பெரிய பட்டறை வேண்டியதில்லை. சரியான அளவுள்ள ரிங் ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், வண்டியோடு வந்த கையேடு அல்லது அதன் நகல் ஆகியவை போதும். பிளக்கில் பொறி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் பாயிண்ட்டின் இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்கு வைப்பதும், பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் புஷ்ராடு விரலால் சுற்றும்படியும் ஆனால் மேலும் கீழும் ஆடாதபடியும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டாப்பெட் (வால்வு இடைவெளி) வைப்பதும் பொறுமை உள்ள எவராலும் கற்றுக்கொள்ளக் கூடியவை. செயினுக்கு எண்ணெய் விடுவதையும் கிளட்ச் கேபிள் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பதையும் சொல்லவே வேண்டியதில்லை. அதே சமயம், கிராங்க் பேரிங் மாற்றுவது, சிலிண்டர் போரிங் செய்வது, புல்லர் என்னும் கருவி தேவைப்படும் மேக்னெட்டைக் கழற்றுவது ஆகியவற்றில் வீட்டில் இருப்பவர் இறங்கக் கூடாது. அவை லேத் பட்டறைக்கும் கைதேர்ந்த மெக்கானிக்குக்கும் உரியவை. வீட்டில் வேலை செய்தால் மெக்கானிக்கின் பிழைப்பு கெடும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பாயிண்ட் வைக்கத் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் நம் ஊரில் ஏற்கெனவே அருகிவிட்டார்கள். அவர்களிடம் டியூப் மாற்றவும் செயின் இறுக்கவும் வரிசையில் நிற்பதைவிட, அவர்களால் மட்டுமே ஆகக்கூடிய வேலைக்குப் போவதுதான் அவர்களுக்கும் மரியாதை.

பதிவுச் சான்று விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்வேன். 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய ஆர்.சி.க்கு, 20 ஆண்டைக் கடந்த மோட்டார் சைக்கிள்களுக்கான கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. கட்டணம் கட்டியும் ஆய்வின்போது சேசிஸ் எண் தெரியாமல் அலைபவர்கள் உண்டு. வீட்டில் பெயிண்ட் அடிப்பவர்கள் அந்த எண் பொறித்த இடத்தின் மேல் தடிப்பாகப் பூசிவிடுவதுதான் காரணம்.

இனி, நகர நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது. வீட்டில் ஆயில் மாற்றுபவரிடம், 100 சி.சி. வண்டியானால் ஏறத்தாழ ஒரு லிட்டரும், புல்லட்டானால் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேலும் கழிவு ஆயில் மிஞ்சுகிறது. சிலர் அதைக் கறையான் வராமலிருக்க மரத்தில் பூசுகிறார்கள், சிலர் கட்டட வேலையில் சென்ட்ரிங் தகட்டுக்குத் தடவக் கொடுக்கிறார்கள், எஞ்சியது இருட்டிய பின் சாக்கடைக்குப் போகிறது. சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலத்தின் நடுவே ஓடிக் காவிரியில் சேரும் திருமணிமுத்தாற்றில்தான் நகரச் சாக்கடைகள் பலவும் கலக்கின்றன என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாகனக் கழிவு ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளர்களிடம் போய்ச் சேர வேண்டியது. பெரிய சர்வீஸ் நிலையங்களிலிருந்து அதை வாங்கிச் செல்ல ஆள் வருகிறார்கள். ஒரு லிட்டர் பாட்டிலுடன் நிற்கும் வீட்டுக்காரரிடமிருந்து வாங்குவதற்குத்தான் இடமில்லை. சேலம் மாநகராட்சி, குப்பையைத் தரம் பிரிக்கும் தனது மையங்களில் மூடியுள்ள பீப்பாய் ஒன்றை இதற்கென வைத்து, நிறைந்ததும் அனுமதி பெற்றவரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யலாம். ஏற்காட்டில் அதே பீப்பாயை உள்ளூர் நிர்வாகம் பேருந்து நிலையத்துக்கு அருகில் வைக்கலாம். ஆயில் விற்கும் கடைகளே பழைய ஆயிலைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தால் அது இன்னும் எளிது. இது குறித்து மாநகராட்சியின் கருத்தைக் கேட்டு, பழைய ஆயிலை எங்கே கொடுக்கலாம் என்ற விவரத்தைத் தங்கள் நாளிதழின் சேலம் பதிப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்.