கவசத்தின் நாடாவைப் பிரிக்கும் முன்

அன்புள்ள முருகேசா,

கடிதமும் படங்களும் கிடைத்தன. ஒசாகாவில் பார்த்துவைத்திருக்கும் சாமுராய் கவசத்துக்கு, அதன் செதில் வரிசைகளைக் கோத்துப் பிடிக்கும் பட்டு நாடாவைப் பிரித்துப் புதிதாகக் கோக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. முதலில் மார்புப் பகுதியின் உட்புறத்தைப் பார்.

வெளியே எல்லாம் செதில் செதிலாகத்தான் தெரியும். அசல் கொசானே, அதாவது தனிச்செதில் வேலையென்றால் ஒவ்வொரு செதிலும் தனி. இரும்பிலோ பதனிடாத தோலிலோ வெட்டி, 13 அல்லது 14 துளை போட்டு, பக்கத்துச் செதிலைப் பாதி மறைக்கும்படி அடுக்கித் தோல்வாரால் இறுக்குவார்கள். வரிசை முழுவதற்கும் உருஷி என்ற ஜப்பானிய மெருகைப் பூசுவது அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் உள்ளேயும் அந்த அடுக்கின் மேடுபள்ளம் தெரியும். கிரிட்சுகே என்ற போலிச்செதில் வேலையென்றால் ஒரே நீளத் தகடு. முன்புறம் மட்டும் உருஷிக் கலவையால் மேடு எழுப்பியிருப்பார்கள், பின்புறம் மொழுக்கென்று இருக்கும். 16-ஆம் நூற்றாண்டில் படைகள் பெருத்து, 1543-இல் ஜப்பானின் தனேகஷிமா தீவுக்குத் துப்பாக்கியும் வந்தபின் தகட்டு வேலை பெருகியது. அதை மட்டமென்று ஒதுக்காதே. விலையில் மட்டும் கவனமாயிரு.

உருஷி மரப்பால். வெயிலில் வைத்தால் இறுகாது. 20–25 டிகிரி வெப்பமும் 70–80 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டிக்குள்தான் இறுகும். கனமாகப் பூசினால் மேற்பரப்பு முந்தி இறுகிச் சுருக்கம் விழும். அதனால்தான் மெல்லிசாக, பூச்சுமேல் பூச்சாக வைக்கிறார்கள். உன் படத்தில் துளையோரம் பொருக்கு எழும்பியிருக்கிறதே, அடியில் துரு தள்ளினால் அப்படித்தான் ஆகும். தோல் செதிலுக்குத் தொல்லை வேறு: ஈரத்தில் உப்பி வறட்சியில் சுருங்கும், பூச்சு கூடவே அசையாமல் வெடிக்கும். அறை ஈரப்பதம் 50–55 சதவீதத்தில் நிலையாக நிற்கட்டும். எண்ணெய் தொடவே வேண்டாம்.

இனி நாடா. தோக்கியோவின் ஓமேயில், முசாஷி மிதாகே கோயிலில் சிவப்பு நாடாக் கவசம் ஒன்று இருக்கிறது, ஹெயன் காலத்தது (794–1185). நம் மஞ்சிட்டியின் இனத்துச் செடிவேரில் சாயமேற்றிய அதன் பழைய பட்டு இன்றும் நல்ல சிவப்பு. மெய்ஜி காலப் (1868–1912) பழுதுபார்ப்பில் சேர்த்த செயற்கைச் சாய நாடாவோ வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டது. பழசை முழுக்கப் பிரிக்காதே என்று நான் மன்றாடுவது இதனால்தான். இரும்புச் சத்தில் கறுப்பேற்றிய பட்டு மட்டும் விதிவிலக்கு: அது தானாகவே பொடியும். அங்கே அறுந்த வரிசையை மட்டும் மாற்று. கழற்றிய நூலை உறையிலிட்டு எந்த வரிசை என்று எழுதி வை. தோள்கவசத்தை நாடாவைப் பிடித்துத் தூக்காதே, அடியில் கைகொடு.

பக்கவாட்டு வெளிச்சத்தில் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பு. அதற்குமுன் முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
செல்வம்