குழாய் வந்த பிறகு மாடி எழும்பட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோழிங்கநல்லூரில் 40 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் 2009 முதல் குடியிருக்கிறேன். சங்கப் பொருளாளர் என்பதால் லாரிக் கணக்கு நோட்டு என்னிடம்தான். இடப்பக்கம் வந்த தண்ணீர் லாரி, வலப்பக்கம் போன கழிவுநீர் லாரி. விடிகாலை 5 மணிக்குக் காவலாளி சம்ப் மூடியைத் திறந்து மூங்கில் கழியை இறக்கி எடுப்பார். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் லாரிக்காரருக்குப் போன் போடுவேன். 2019 ஜூனில் கழியின் நுனி மட்டுமே நனைந்து வந்த நாட்கள் உண்டு. இரட்டிப்புப் பணம் தருகிறோம் என்று சொல்லியும் லாரி வரவில்லை. மேல்மாடியில் கைக்குழந்தையோடு இருந்த பெண் தாய்வீட்டுக்கே போய்விட்டாள்.

எங்கள் ஊர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. வரி ரசீதில் தலைப்பு மாறிவிட்டது. எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 15 கோடி லிட்டர் என இரண்டு கடல்நீர்க் குடிநீர் ஆலைகள் வந்தது பெரிய காரியம்தான். அந்தத் தண்ணீர் வீடு வந்து சேரக் குழாய் வேண்டாமா?

இப்போது எதிர்மனையில் 14 மாடிக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். சாலை எத்தனை மீட்டர் அகலம் என்று பார்த்து உயரத்தை அனுமதிக்க விதி இருக்கிறது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் எத்தனை வீட்டைத் தாங்கும் என்றும் அதேபோலப் பார்க்க வேண்டும். வளாகத்துக்குள்ளேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவார்கள், சரி. செடிகளுக்கு ஊற்றியது போக மழைக்காலத்தில் மிஞ்சும் நீர் எங்கே போகும்? இந்தப் பக்கம் அது பக்கிங்காம் கால்வாயில் விழும், இல்லையென்றால் பள்ளிக்கரணைச் சதுப்பில்.

புதிய கட்டடங்களிடம் உள்கட்டமைப்பு, வசதிகள் கட்டணம் என்று சதுர மீட்டர் கணக்கில் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தை வாங்கிய பகுதியிலேயே, வீடுகளில் ஆள் குடியேறும் முன்பே செலவிட வேண்டும். எந்த வார்டில் எவ்வளவு வசூல், எந்தத் தெருவில் எவ்வளவு குழாய் என்பதை வார்டு அலுவலகப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். குழாயும் சாக்கடையும் வரும்வரை பெரிய குடியிருப்புகளுக்குப் புதிதாக அனுமதி கொடுக்கக் கூடாது என்பது என் கோரிக்கை.

நேற்றுக் காலை எங்களுக்கு வரவேண்டிய லாரி எதிர்மனைக்குள் திரும்பியது. கட்டட வேலைக்கே அங்கே லாரித் தண்ணீர்தான். எங்களுக்கு அடுத்த லாரி வந்தது 11 மணிக்கு.

– ஓய்வுபெற்ற ஆசிரியை,
சோழிங்கநல்லூர், சென்னை