இசைத்தொழில் டிகிரியும் எம்பிஏவும்: மகளுக்கு ஒரு கடிதம்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள கண்ணுக்கு அம்மா எழுதுவது.

அமெரிக்காவில் நீ படிக்கும் நான்கு வருட இசைத்தொழில் படிப்போடு இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருந்தால் எம்பிஏவும் கிடைத்துவிடும், மூன்றாம் வருடம் முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். இதைப் போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்பிஏ படி, ஆனால் இப்போது வேண்டாம். அதற்கு வேண்டிய அடிப்படைப் பாடங்களை இந்த டிகிரிக்குள்ளேயே முடித்துக்கொள். மூன்று வருடமாவது வேலை பார்த்துவிட்டுப் பிறகு போ.

அந்த ஒரு வருடம் எப்படி மிச்சமாகிறது என்று பார். அமெரிக்காவில் இளங்கலைக்குப் பொதுவாக 120 கிரெடிட், அதாவது பாட அளவுப் புள்ளி, வேண்டும். இரண்டு வருட முழுநேர எம்பிஏ 60-ஐ ஒட்டி வரும், சுருக்கிய ஒரு வருட எம்பிஏ 30 முதல் 36 வரை. நான்காம் வருடத்திலேயே முதுகலைப் பாடங்கள் சிலவற்றை எடுக்கவிட்டு, 9 அல்லது 12 கிரெடிட்டை இரண்டு டிகிரிக்கும் சேர்த்து எண்ணிக்கொள்வார்கள். மிச்சம் அங்கேதான். ஆனால் இரண்டு பக்கமும் எண்ணிய கிரெடிட்டை வேறு கல்லூரி ஏற்பது அரிது. நடுவில் மனம் மாறினால் அந்தப் பாடங்களை இன்னொரு இடத்தில் முதலிலிருந்து படிக்க வேண்டிவரும். அந்தப் பாடங்களில் 'பி'க்குக் கீழே வாங்கினால் பல இடங்களில் சேர்க்கமாட்டார்கள். முதுகலை மாணவியாகப் பெயர் மாறிய நாளில் இளங்கலைக்கான உதவித்தொகையும் பெரும்பாலும் நின்றுவிடும். ஐந்தாம் வருடத்துச் செலவைப் போடும்போது உதவித்தொகை இல்லாமலே கணக்குப் போடு. வீட்டிலிருந்து ராண்டில் கட்டும் பணம் அங்கே டாலராக மாறும்போது எவ்வளவு சுருங்குகிறது என்று உனக்கே தெரியும்.

விசா விஷயம் இதைவிட முக்கியம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவளுக்கு ஒவ்வொரு படிப்பு நிலைக்கும் 12 மாதம் வேலைப் பயிற்சி அனுமதி உண்டு, ஓபிடி என்பார்களே, அது. இளங்கலை முடித்ததும் ஒன்று, எம்பிஏ முடித்தபின் இன்னொன்று. இளங்கலை முடிந்த கையோடு எம்பிஏவுக்குள் போனால் முதல் 12 மாதம் கைவிட்டுப் போய்விடும், பிறகு திரும்பக் கேட்க முடியாது. படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்பு வரைதான் விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்த பிறகு வேலை இல்லாத நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக்கூடாது. வேலை நீ படித்த துறையோடு சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். படிக்கும்போதே செய்யும் பயிற்சியில், அதாவது சிபிடியில், முழுநேரமாக 12 மாதம் ஆகிவிட்டால் அந்த நிலைக்கான ஓபிடி கிடையாது. இரண்டு கோடை விடுமுறையில் மும்மூன்று மாதம் போவதில் பயமில்லை. ஒரு வருடம் முழுக்க முழுநேரம் போய்விடாதே. ஒவ்வொரு தேதியையும் அங்குள்ள வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்.

எம்பிஏ என்பது வாழ்க்கையில் ஒருமுறை போடும் சீட்டு. ஏற்கெனவே எம்பிஏ வைத்திருப்பவரை இன்னொரு எம்பிஏவுக்குச் சேர்க்காத நல்ல வணிகப் பள்ளிகள் உண்டு. பெரிய பள்ளிகளின் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் சராசரியாக நான்கைந்து வருடம் வேலை பார்த்தவர்கள். வகுப்பில் ஒரு நிறுவனம் திவாலான கதையைப் பேசும்போது, சம்பளம் கொடுக்கத் திணறியவர் ஒருவர், கடன் கொடுத்த வங்கிக்காரர் ஒருவர் என்று அனுபவத்திலிருந்து பேசுவார்கள். இருபத்திரண்டு வயதில் அங்கே உட்கார்ந்தால் கேட்டுக்கொள்ளலாம், கொடுப்பதற்கு உன்னிடம் அதிகம் இருக்காது. வெளியே வந்த பிறகும், வேலை அனுபவம் இல்லாத எம்பிஏவை நிறுவனங்கள் இளங்கலைக்காரரை எடுக்கும் அதே தொடக்க வேலைக்குத்தான் எடுக்கும். கூடுதல் ஒரு வருடக் கடன் மட்டும் உன் தலையில் இருக்கும்.

நம் நாட்டுக்குத் திரும்பிப் படிக்கும் எண்ணமும் இருப்பதால் இங்குள்ள விதியையும் தெரிந்துகொள். தென்னாப்பிரிக்கத் தகுதிச் சட்டகத்தில் மூன்று வருட இளங்கலை 7-ஆம் நிலை, ஆனர்ஸும் முதுநிலை டிப்ளமாவும் 8, எம்பிஏ 9. எட்டாம் நிலை கையில் இல்லாமல் பொதுவாக எம்பிஏ வகுப்பில் நுழைய முடியாது. மூன்று வருட பிஏ படித்த இசைக்காரப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் இடம் இது. இடையில் 120 கிரெடிட் முதுநிலை டிப்ளமா ஒன்று படித்துத்தான் மேலே ஏற வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு டிகிரி எந்த நிலையில் வரும் என்பதைச் சொல்வது சாக்வா என்ற இங்குள்ள தகுதி அமைப்பு. பள்ளிக்கு விண்ணப்பிக்கும் முன்பே சாக்வா மதிப்பீட்டுச் சான்றிதழை வாங்கிவிடு. கேப் டவுன், ஸ்டெல்லன்போஷ், விட்ஸ், பிரிட்டோரியாவின் கிப்ஸ், யூனிசாவின் எஸ்பிஎல் என்று இங்கும் நல்ல பள்ளிகள் இருக்கின்றன. பொதுவாக மூன்று வருடமாவது வேலை அனுபவம் கேட்பார்கள், வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடத்தில் முடிக்கலாம், கடைசியில் ஓர் ஆய்வும் எழுத வேண்டும். அந்த ஆய்வுக்கு இப்போதே ஒரு கேள்வியை மனதில் போட்டு வை.

இனி படிப்பைப் பற்றி. இசைத்தொழில் டிகிரி உனக்கு உரிமைகளைக் கற்றுத்தருகிறது. எம்பிஏ பணம் எப்போது வந்து எப்போது போகிறது என்பதைக் கற்றுத்தருகிறது. இரண்டும் ஒரே தாளில் சந்திக்கும் இடம், பாட்டின் வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று காட்டும் ராயல்டி அறிக்கை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார். ஒரு பாடகிக்கு லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், பின்னால் ராயல்டியில் பிடித்துக்கொள்ளும் அட்வான்ஸாக 120,000 ராண்ட் கொடுக்கிறது. வீடியோவுக்கு 60,000 செலவழிக்கிறது, அதில் பாதியைப் பாடகி கணக்கில் எழுதலாம் என்று ஒப்பந்தம். ராயல்டி 20 சதவீதம். லேபிளுக்கு வந்த வருமானம் 300,000. பாடகியின் பங்கு 60,000. பிடிக்க வேண்டியது 120,000-மும் 30,000-மும் சேர்த்து 150,000. ஆகவே பாடகியின் கணக்கு இன்னும் 90,000 ராண்ட் பற்றில் நிற்கிறது, கைக்கு ஒரு சென்ட்டும் வராது. லேபிளோ 180,000 போட்டு 300,000 எடுத்திருக்கிறது, அலுவலகச் செலவு போகக் கையில் லாபம். அட்வான்ஸைப் பிடிப்பது பாடகியின் 20 சதவீதத்திலிருந்து மட்டும், மொத்த வருமானத்திலிருந்து அல்ல. காரணம் அவ்வளவுதான். பாடகியின் பற்று தீர வேண்டுமானால் வருமானம் 750,000-ஐத் தொட வேண்டும். ஒப்பந்தத்தை மட்டும் படித்தவருக்கு இது நியாயமாகத் தெரியும், கணக்கை மட்டும் பார்த்தவருக்கு அந்தப் 'பாதி' எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. இரண்டையும் பார்க்கத் தெரிந்தவர்தான் கையெழுத்துக்கு முன்னால் அந்த ஒரு வரியை மாற்றிக் கேட்பார். நீ அப்படிப்பட்டவளாக வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இன்னொன்றும் பார். பழைய பாடல்களின் உரிமையை மொத்தமாக விற்கும்போது 'வருட வருமானத்துக்குப் பத்து மடங்கு' என்று விலை பேசுவார்கள். வருகிற வருடம் நிகரமாக 80,000 ராண்ட் தரும் தொகுப்பு என்றால் 800,000. ஆனால் வருமானம் வருடத்துக்கு 10 சதவீதம் தேய்கிறது, போட்ட பணத்துக்கு 12 சதவீதம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் கூட்டி, 80,000-ஐ 0.22-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 363,600 வரும், நாலரை மடங்கு. புதுப் பாட்டு முதல் ஒன்றிரண்டு வருடம் வேகமாகச் சரிந்து பிறகுதான் நிலைக்கும் என்பதால் மூன்று வருட அறிக்கையாவது பார்க்காமல் மடங்கைப் பற்றிப் பேசாதே. அமெரிக்கச் சட்டத்தில் 1978 முதல் படைத்தவர் எழுதிக்கொடுத்த உரிமையை, சம்பளத்துக்குச் செய்த படைப்பாக இல்லாவிட்டால், 35 வருடம் கழித்துப் படைத்தவர் திரும்பக் கேட்கலாம். வாங்குகிறவர் அந்தத் தேதியையும் விலையில் போட வேண்டும். இந்த வகுத்தலை நிதிப் பாடம் கற்றுத்தரும், 35 வருடத்தை உன் இசைத்தொழில் பாடம் கற்றுத்தரும்.

ஆகவே மிச்சமுள்ள மூன்று செமஸ்டரில் வணிகத்தை மைனராக, அதாவது துணைப்பாடமாக, எடுத்துவிடு. நிதிக் கணக்கியல், புள்ளியியல், நுண்பொருளியல், நிறுவன நிதி, இந்த நான்கும் அதில் கட்டாயம் இருக்கட்டும். மார்க்கெட்டிங் உன் துறையிலேயே போதுமான அளவு வருகிறது, அதற்கு இன்னொரு முறை பணம் கட்டாதே. புள்ளியியலைக் கடைசிக்குத் தள்ளாதே, நிதிப் பாடம் அதன் மேல்தான் நிற்கிறது.

பாட்டுகளைச் சங்கங்களில் பதியும் வேலையையும் கையால் செய்து பழகு. பாட்டு என்ற படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசி என்று ஓர் எண், அதன் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்தும் இலக்கமும் கலந்த இன்னோர் எண். இங்கே பாட்டு ஒலிபரப்பாவதற்கான பணம் சாம்ரோ வழியாகவும், பாட்டைப் படியெடுப்பதற்கான பணம் கப்பாசோ வழியாகவும், ஒலிப்பதிவு வானொலியில் வருவதற்கான பணம் சாம்ப்ரா வழியாகவும் வருகிறது. அமெரிக்காவில் பாட்டு ஒலிபரப்பாவதற்கு ஆஸ்காப், பிஎம்ஐ, படியெடுப்பதற்கு 2021-இல் வேலை தொடங்கிய எம்எல்சி, இணைய வானொலியில் ஒலிப்பதிவு வருவதற்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச். ஒரு பெரிய வித்தியாசம்: அமெரிக்காவின் சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலி பாடகருக்கும் லேபிளுக்கும் எதுவும் தருவதில்லை, பாடலாசிரியருக்கும் இசையமைத்தவருக்கும்தான் தரும். இங்கே நம் இந்திய மக்களுக்கான வானொலியான லோட்டஸ் எஃப்எம்மில் நம் பக்திக் குழுவின் பதிவு ஒன்று ஒலித்தால் பாட்டு, ஒலிப்பதிவு என்ற இரண்டு பக்கமும் உரிமை உண்டு.

உரிமை இருந்தும் பணம் வராமல் போவது பெரும்பாலும் பெயரால். நம் தமிழ்ப் பாட்டின் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறோம். ழகரத்துக்கு ஒருவர் 'இசட்-எச்' போடுவார், ஒருவர் வெறும் 'எல்'. பெயரிலும் அப்படியே, நம் முன்னோர் இங்கே வந்து இறங்கிய காலத்திலேயே கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். விநியோகஸ்தரிடம் ஒரு எழுத்து, சாம்ரோவில் ஒரு எழுத்து, வானொலிப் பட்டியலில் வேறொன்று என்றிருந்தால் கணினி மூன்றையும் மூன்று பாட்டாக எடுத்துக்கொள்ளும், பணம் பொருந்தாமல் ஒதுங்கிவிடும். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து, மற்ற வடிவங்களை 'மாற்றுத் தலைப்பு' கட்டத்தில் போட வேண்டும். யாருக்கு எத்தனை சதவீதம் என்ற பங்குத் தாளை ஒலிப்பதிவு நடக்கும் அன்றே ஸ்டூடியோவில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், கூட்டினால் சரியாக 100 வர வேண்டும். 110 வந்தால் பல சங்கங்கள் தகராறு தீரும்வரை பணத்தை நிறுத்திவைக்கும். பாட்டு ஓடிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே மனத்தாங்கல் வரும்.

நடுவில் வரும் அந்த மூன்று வருட வேலை எந்த வேலை என்பது முக்கியம். பாட்டு உரிமையை நிர்வகிக்கும் பப்ளிஷர் அலுவலகத்தின் ராயல்டி பிரிவு, சாம்ரோ போன்ற வசூல் சங்கம், டிஜிட்டல் விநியோகஸ்தர், கச்சேரி அரங்கின் கணக்குப் பிரிவு, இவற்றில் எதுவானாலும் நல்லது. நட்சத்திரங்களோடு நிற்கிற வேலை கண்ணுக்கு அழகாக இருக்கும், பணம் நகர்கிற மேசையில் உட்கார்ந்தால்தான் எம்பிஏ வகுப்பில் உனக்குப் பேச விஷயம் இருக்கும்.

எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட்டை மட்டும் கடைசி வருடத்திலேயே எழுதிவிடு. மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும், உன் மூன்று வருட வேலைக்கு அது தாராளம். இப்போதைய தேர்வில் கணக்கு, மொழி, தரவுப் பகுதி என மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்தம் 64 கேள்வி. கணக்கு கையில் சூடாக இருக்கும்போதே எழுதுவது நல்லது.

ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் நான் மனம் மாறுவேன். ஐந்தாம் வருடத்துக்கு உதவியாளர் பணியோடு கட்டண விலக்கு எழுத்தில் தந்தால் சொல், மறுபடி கணக்குப் போடலாம்.

இந்த வாரம் மூன்று தாளை எனக்கு அனுப்பு: இதுவரை முடித்த பாடங்களின் மதிப்பெண் பட்டியல், அந்த ஐந்து வருடத் திட்டத்தில் எந்தப் பாடங்களை இரண்டு பக்கமும் எண்ணுகிறார்கள் என்ற பக்கம், உதவித்தொகைக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் வீட்டில் இருப்பார், மூன்று பேருமாகச் சேர்ந்து வரிவரியாகப் பார்ப்போம்.

வேளைக்குச் சாப்பிடு கண்ணு.

அன்புடன்,
அம்மா