சாம் சீபோர்னை இன்னொரு முறை எழுதுங்கள், இந்தத் தடவை கடைசி வரைக்கும்

அமெரிக்க அரசியல் தொடர்களுக்குக் கதை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். வெள்ளை மாளிகை ஊழியர்களைப் பற்றிய 'தி வெஸ்ட் விங்' தொடர் 2006 மே மாதம் முடிந்தது. அதற்கப்புறம் உங்கள் வெள்ளை மாளிகையில் நாங்கள் யார் யாரைப் பார்த்தோம்? நிருபரை ரயில் முன்னால் தள்ளிக் கொன்றுவிட்டு அதிபர் நாற்காலி வரை போகிற 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' ஃபிராங்க் அண்டர்வுட்டைப் பார்த்தோம். 'வீப்' செலினா மேயரைப் பார்த்தோம், அவரைச் சுற்றி ஒரு வேலையும் உருப்படியாகத் தெரியாத ஒரு கூட்டம், நாடாளுமன்றத்தில் பேச நிற்கும்போது டெலிப்ராம்ப்டர் சொதப்பும், வயிறு வலிக்கச் சிரித்தோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'வெஸ்ட் விங்' சாம் சீபோர்ன் மாதிரி தலைவருக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கிறவன், அதிலும் தான் எழுதுகிற வரியைத் தானே நம்புகிறவன், உங்கள் கதைகளில் ஓரத்துக்குப் போய்விட்டான். 'மேடம் செக்ரட்டரி'யில் மேட் மஹோனி இருந்தாரே என்பீர்கள். இருந்தார், நல்ல மனிதர்தான், ஆனால் கதை அவர் பக்கம் எத்தனை தடவை திரும்பியது?

கேட்டால், "இந்தக் காலத்தில் சாம் சீபோர்ன் மாதிரி ஆளை எவன் நம்புவான்?" என்று சொல்வீர்கள். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. நம்ப முடியாதது அவனுடைய லட்சியம் இல்லை, அதை நீங்கள் காட்டிய விதம்.

பார்க்காதவர்களுக்காக ரெண்டு வரி. சாம் (ராப் லோ நடித்தது) நியூயார்க்கில் பெரிய சட்ட நிறுவனத்தில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவன். எண்ணெய்க் கப்பல் வாங்கும் கட்சிக்காரர்களிடம், "கொஞ்சம் கூடக் கொடுத்துப் பாதுகாப்பான கப்பலாக வாங்குங்களேன்" என்று நடுக்கூட்டத்தில் சொல்லி எல்லோரையும் முகம் சுளிக்க வைக்கிறான். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஜாஷ் மழையில் சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறான். நண்பன் முகத்தைப் பார்த்ததுமே இவனுக்குப் புரிந்துவிடுகிறது, எழுந்து போய்விடுகிறான், யாரும் பெரிதாகக் கேள்விப்படாத பார்ட்லெட் என்ற நியூ ஹாம்ஷையர் ஆளுநருக்கு வேலை பார்க்க. அவர்தான் பிறகு அதிபர் ஆகிறார். ரசிகர்கள் உருகி உருகிப் பேசும் காட்சி இது. எனக்கும் பிடிக்கும். ஆனால் இதை வைத்து அவனை லட்சியவாதி என்று சொல்லிவிட முடியாது, வேலையை விட்டு எழுந்து போவது ஒரு நிமிட வீரம்.

எனக்கு அவன் பிடிபட்டது முதல் சீசனில் வரும் ஒரு சில்லறை விஷயத்தில். தன் மகள் மாலரியோடு சாம் வெளியே போவது வெள்ளை மாளிகை ஊழியர்களின் தலைவர் லியோவுக்குப் பிடிக்கவில்லை. அதனால் அவன் தலையில் ஒரு வேலையைக் கட்டுகிறார்: போக்குவரத்துத் துறை உதவிச் செயலாளர் ஒருவருக்கு அதிபர் பெயரில் பிறந்தநாள் வாழ்த்து எழுத வேண்டும். வேண்டுமென்றே கொடுத்த தண்டனை வேலை, நாலு வரி கிறுக்கிக் கொடுத்திருக்கலாம். அவனுக்கு அது முடியவில்லை. அடிக்கிறான், திருத்துகிறான், திரும்ப எழுதுகிறான். அந்த உதவிச் செயலாளரை நாம் கண்ணால் கூடப் பார்க்கப் போவதில்லை. யாரோ ஒருவர் வீட்டில் பிரித்துப் படித்துவிட்டு வைத்துவிடப் போகிற காகிதத்துக்கு இத்தனை பாடு.

அதே சீசனில் இன்னொன்று. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசே வவுச்சர் தரலாம் என்று வாதாடி சாம் எழுதிய அறிக்கை ஒன்று மாலரி கைக்குப் போகிறது. அவள் அரசுப் பள்ளி ஆசிரியை, கொதித்துப் போகிறாள், எபிசோட் முழுக்கச் சண்டை. கடைசியில்தான் தெரிகிறது, எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தயார் ஆவதற்காக அவர்கள் வாதத்தை அவர்களைவிட நன்றாக எழுதி வைத்திருக்கிறான். அவன் மனதில் இருப்பதோ பள்ளிக்கூடங்கள் அரண்மனை மாதிரி இருக்க வேண்டும் என்பது. தான் நம்பாத வாதத்தையும் நேர்மையாக, வலுவாக எழுதத் தெரிந்தவனைத்தான் நான் நம்புவேன். இதை நீங்களே எழுதினீர்கள், அப்புறம் மறந்துவிட்டீர்கள்.

மறந்துவிட்டு என்ன செய்தீர்கள்? வயலினை எடுத்தீர்கள். நாலாவது சீசன் ஆரம்பத்தில் (2002) ஒரு பல்கலைக்கழகத்தில் குண்டு வெடிக்கிறது, அன்று இரவே பார்ட்லெட் உருக்கமாகப் பேசுகிறார். அந்தக் கடைசிப் பகுதியை எப்போது எழுதினாய் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்க, காரில் வரும்போது என்கிறான் சாம். கைதட்டல் வாங்கும் காட்சிதான். ஆனால் பிறந்தநாள் வாழ்த்துக்கு அந்தப் பாடு பட்டவனுக்கு இது மட்டும் காரில் வந்துவிட்டதா? அதைவிட, போர்ட்லாந்துக்குப் போகும் இரவு விமானத்தில் கல்வி பற்றிய உரை பிடிபடாமல் அவன் முழித்தானே, அவன் மேலதிகாரி டோபி உட்கார்ந்து கைகொடுக்க வேண்டியிருந்ததே, அந்தச் சாம்தான் உயிரோடு இருந்தான். (பெண்களிடம் அவன் பேசும் மேட்டிமைப் பேச்சைத் தனியாக எழுத வேண்டும். எதிர்க்கட்சி வக்கீல் ஏன்ஸ்லி ஹேய்ஸ் தொலைக்காட்சி விவாதத்தில் அவனைத் துவைத்துக் காயப்போட்டது தொடர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.)

நிஜத்தில் அப்படி ஆட்கள் கிடையாது என்று சொல்லாதீர்கள். ரிச்சர்ட் குட்வின் இருந்தார். 1965 மார்ச் 7 அன்று அலபாமா மாநிலத்துச் செல்மாவில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. 15ஆம் தேதி இரவு அதிபர் ஜான்சன் நாடாளுமன்றத்தில் பேச வேண்டும். அன்றைக்குப் பகலில் உட்கார்ந்து அந்த உரையை எழுதியவர் குட்வின், வயது 33. தெருவில் போராடியவர்கள் பாடிய 'வீ ஷல் ஓவர்கம்' (நாம் வெல்வோம்) வரியை ஒரு டெக்ஸாஸ்காரர் வாயால் நாடாளுமன்றத்தில் சொல்ல வைத்தார். ஆகஸ்ட் 6ஆம் தேதி வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. இதோடு நிறுத்தினால் உங்கள் தொடர் மாதிரி இருக்கும். நிற்கவில்லை. அதே ஜான்சன் வியட்நாமுக்குள் இறங்கிக்கொண்டே போனார், குட்வின் வெளியேறினார், 1968இல் ஜான்சனை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்திக்கு வேலை பார்க்கப் போனார்.

தன் வார்த்தைகளைப் பேசிய வாய் இன்னொரு காரியம் செய்யும்போது எழுதிக் கொடுத்தவனுக்குள் என்ன நடக்கும்? சாமுக்கு அந்தக் கேள்வியை நீங்கள் வைக்கவே இல்லை. பார்ட்லெட் தன் நோயை மறைத்தது தெரிந்தபோது டோபிக்கு ஒரு முழு எபிசோட் கோபம் கொடுத்தீர்கள், பிரமாதமான எபிசோட். சாமுக்கோ அந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போனீர்கள். அப்புறம் நடிகர் தொடரை விட்டு விலகியதும் கலிஃபோர்னியாவின் 47ஆவது தொகுதிக்கு அனுப்பினீர்கள். இறந்துபோன வேட்பாளர் ஜெயித்துவிட, அவர் மனைவிக்குக் கொடுத்த வாக்குக்காக அடுத்து வந்த இடைத்தேர்தலில் அங்கே போய் நிற்கிறான், ஜெயிக்க வழியே இல்லாத தொகுதி. சரி, அவன் தோற்ற இரவு எங்கே? காட்டவில்லை. கடைசி சீசனில் லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடி வக்கீலாகக் கண்டுபிடித்துக் கூட்டி வருகிறீர்கள். நடுவில் அவன் எதை நம்பினான், எதை விட்டான், ஒன்றும் தெரியாது.

எங்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 1967இல் மேடைப் பேச்சை நம்பி ஆட்சி மாற்றிய ஊர் எங்களுடையது. அண்ணாவும் கலைஞரும் தங்கள் பேச்சைத் தாங்களே எழுதியவர்கள், சினிமாவுக்கும் வசனம் எழுதியவர்கள். அதனால் இன்னொருவர் வாய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நிற்கிறவன் எங்களுக்கு ரொம்பவே புதிரான ஆள்.

எப்படிக் காட்டுவது என்று தெரியாவிட்டால் அதிபர் நிக்சனுக்கு உரை எழுதிய வில்லியம் சஃபையர் 1969 ஜூலை 18 அன்று எழுதிய குறிப்பை எடுத்துப் பாருங்கள். ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்க இன்னும் ரெண்டு நாள் இருக்கிறது. அவர்கள் திரும்ப முடியாமல் போனால் நிக்சன் என்ன பேச வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். பேசுவதற்கு முன் விதவையாகப் போகும் இரண்டு மனைவியரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டும், பாதிரியார் கடலில் செய்யும் இறுதிச் சடங்கு முறையைப் பின்பற்ற வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. கடைசிவரை யாரும் வாசிக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டு எழுத வேண்டிய உரை. ஒரு மனிதன், ஒரு மேசை, அந்தக் காகிதம், இதை வைத்து ஐம்பது நிமிடம் ஓட்ட உங்களால் முடியாதா?

முடியும். எழுதுங்கள், வந்த அன்றைக்கே பார்க்கிறோம். பின்னணி இசையை மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ரசிகன்