தென்பெண்ணைக் கரை மேய்ச்சல் நிலத்தில் குழி தோண்டுவதை அடுத்த மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு) மற்றும் ஆடு மேய்க்கும் குடும்பத்தினர்,
இருமத்தூர் பக்கம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: மணற்பாங்கான மேய்ச்சல் புறம்போக்கில் காணப்படும் காம்புள்ள பொடிக் காளான் – அடையாளம் காணும்வரை நிலத்தைக் கிளறாதிருக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பட்டா, முதியோர் பென்ஷன், குடிநீர் என்று வந்து நிற்பவர்களுக்கு நடுவே ஒரு காளானுக்காக மனு கொடுப்பது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் மேய்ச்சல் நிலத்தில் மரக்கன்று நடுவதற்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது. குழி தோண்ட ஜேசிபி எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதனால்தான் ஓடி வந்தேன்.

எங்கள் ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் மணல் கலந்த மேய்ச்சல் புறம்போக்கு ஒன்று உள்ளது. போன ஐப்பசி மழைக்கு அப்புறம் ஆட்டுக்குட்டி ஒன்றின் கால்பட்டு எதிலிருந்தோ பழுப்பாகப் புகை கிளம்பியது. குனிந்து பார்த்தால் சுண்டைக்காய் அளவில் ஓர் உருண்டை, கீழே ஈர்க்குச்சி போல ஒரு காம்பு. காம்பின் பெரும்பகுதி மணலுக்குள். உருண்டையின் உச்சியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு வாய். மழைத்துளி அடித்தால் அந்த வாய் வழியாகத்தான் வித்துத்தூள் வெளியே போகிறது. மேய்ப்பவர்களிடம் பேர் கேட்டேன். "தின்கிற காளானுக்குத்தான் சார் பேரு" என்றார்கள்.

இது டுலோஸ்டோமா என்ற பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம். 1794-லேயே பெர்சூன் என்ற காளான் ஆய்வாளர் பெயரிட்டது. பேரினம் வரை சந்தேகமில்லை. எந்த இனம் என்பதுதான் சிக்கல். வாயின் அமைப்பு, மேல்தோல், வித்துகளின் மேலுள்ள முள் முடிச்சுகள் எல்லாவற்றையும் என்னிடமுள்ள விவரங்களோடு ஒப்பிட்டுவிட்டேன், எதோடும் முழுதாகப் பொருந்தவில்லை. புது இனம் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இந்தப் பேரினத்தில் அப்படி நடக்கக்கூடியதுதான். ஐரோப்பாவில் நூறு வருடங்களுக்கு மேல் அலசிய கூட்டத்திலேயே, மரபணுவை ஒப்பிட்டு 2017-இல் ஐந்து புதிய இனங்களை விவரித்தார்கள். அதில் ஒன்றான பன்னோனிக்கம், ஹங்கேரியின் மணற்புல்வெளியைச் சேர்ந்தது. அங்கேயும் பார்ப்பவர்களுக்கு அது வெறும் புல் முளைத்த மணல்தான்.

எங்களிடம் இருப்பவை காய்ந்து போன பழைய உருண்டைகள். அவற்றில் மேல்தோல் உதிர்ந்துவிட்டது. மணலுக்கு அடியில் காம்பு நீளாமல் இருக்கும் இளம் பருவத்தில்தான் அந்தத் தோலை முழுதாகப் பார்க்க முடியும். அதற்கு அடுத்த மழை வரை காத்திருந்தே ஆகவேண்டும். அதன் பிறகுதான் மூல மாதிரியை (புதுப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மாதிரி) தேர்ந்து, ஹெர்பேரியத்தில் (உலர் மாதிரிகளைக் காக்கும் இடம்) வைத்து, பதிவு எண் வாங்கி (2013 முதல் காளான் பெயருக்கு இது கட்டாயம்) விவரணையை வெளியிட முடியும். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஹெர்பேரியம் இருக்கிறது; அங்கே அனுப்பலாம்.

மரக்கன்று நடுவதை நான் எதிர்க்கவில்லை. பள்ளியில் பிள்ளைகளை வைத்து நானே நிறைய நட்டவன். ஆனால் புல் மட்டும் இருந்தால் அதைத் தரிசு என்று எழுதிவிடும் பழக்கம் நம் பதிவேடுகளில் இருக்கிறது. இந்தக் காளானுக்கு வெயில் படும் திறந்த மணலும் குட்டையான புல்லும் வேண்டும். நிழல் விழுந்தால் நிலம் மாறிவிடும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பாதுகாப்பு என்று தயவுசெய்து வேலி போட்டுவிட வேண்டாம். ஆடு மேய்வதால்தான் அங்கே புல் குட்டையாக இருக்கிறது. ஆட்டை விரட்டினால் புதர் ஏறிவிடும், அதோடு நாற்பது வருடமாக மேய்ப்பவர்களின் வயிற்றிலும் அடித்ததாகும்.

ஆகவே, இணைப்பில் புல எண்ணோடு குறித்துள்ள அந்தப் பகுதியில் மட்டும், வடகிழக்குப் பருவமழை முடியும்வரை குழி தோண்டுவதையும் மணல் அள்ளுவதையும் நிறுத்திவைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கன்றுகளை ஏரிக்கரையில் நடலாம். அங்கே இடமும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி உள்ளாட்சியில் இருக்க வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கூட்டி, ஊரின் உயிரினங்களைக் குறித்துவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இந்த இடத்தைச் சேர்க்கவும் ஆவன செய்ய வேண்டும். மாதிரிகள் சேகரிக்க எழுத்துப்பூர்வ அனுமதியும் தேவை. போன முறை விஷயம் தெரியாத ஒருவர் என்னை மணல் திருட வந்தவன் என்று நினைத்துவிட்டார், கையில் இருந்ததோ ஒரு தேக்கரண்டி.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது போல அறிவிக்கச் சொல்லவில்லை. கேட்பது ஒரு மழைக்காலம் மட்டுமே.

காய்ந்த மாதிரிகள் மூன்றைக் காகித உறையில் இந்த மனுவோடு கொண்டு வந்திருக்கிறேன். உறையை அழுத்தாமல் பிரிக்கவும்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

இணைப்பு: நில வரைபடம், புகைப்படங்கள், மேய்ப்பவர்களின் கையொப்பம்.