தைத்தவர்களையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா, அமெரிக்காவில் இருந்த உடைகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையாகத்தான் படித்தேன், படங்களும் அருமை. ஆனால் இடுப்பை இறுக்கிக் கட்டும் கோர்செட் என்ற உள்ளாடையிலிருந்து பெண்களை விடுவித்தவர்கள் பால் புவாரே, அவருக்கு அப்புறம் கோகோ ஷனெல் என்று பாரிஸ் உடை வடிவமைப்பாளர்கள் இரண்டே பேரோடு கதையை முடித்ததை ஏற்க முடியவில்லை.

புவாரே கோர்செட்டை ஒதுக்கினார், சரி. அதே மனிதர்தான் 1910 வாக்கில் கணுக்காலருகே இறுக்கிப் பிடிக்கும் ஹாபிள் பாவாடையைப் பரப்பியவர். அதை உடுத்தினால் குட்டி குட்டியாக அடி வைத்துத்தான் நடக்க முடியும், வண்டியில் ஏறுவது பெரும்பாடு. மார்பை விடுவித்தேன், கால்களைக் கட்டினேன் என்று பின்னாளில் அவரே எழுதிவைத்திருக்கிறார். தவிர, பாரிஸில் உடை தைத்துக்கொள்ள எத்தனை பேரிடம் காசு இருந்தது?

சாதாரணப் பெண்கள் போட்டது ஷர்ட்வெய்ஸ்ட். ஆண்களின் சட்டையைப் பார்த்துச் செய்த மேல்சட்டை, கீழே எளிமையான பாவாடை. உள்ளே கோர்செட் இருந்திருக்கும்தான், ஆனாலும் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர்களுக்கும் தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் ரெடிமேடாக, கட்டுப்படியாகிற விலையில் கிடைத்த உடை அதுதான். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அதைத் தைத்தவர்கள் பெரும்பாலும் ரஷ்யப் பகுதிகளிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் நியூயார்க்கில் குடியேறிய இளம்பெண்கள். 1909 நவம்பரில் கிளாரா லெம்லிச் என்ற தையல் தொழிலாளி கூட்டத்தில் எழுந்து கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் பேசியதும் ஏறக்குறைய 20,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தெருவில் நின்ற அந்தப் பெண்கள் நல்ல உடையும் தொப்பியுமாக இருந்ததைப் பார்த்து, இவர்களுக்கு என்ன குறை என்று கேட்டவர்களும் உண்டு. ஒரு பெண் எப்போதாவது வாங்கும் புதுத் தொப்பி 50 சென்ட்டுக்கு மேல் இருக்காது, அதற்காக அவள் வாரக்கணக்கில் இரண்டு சென்ட் மதிய உணவோடு ஓட்டியிருப்பாள் என்று லெம்லிச் அந்த மாதமே ஒரு பத்திரிகையில் எழுதினார். அந்தக் கால நாகரிகத்தைப் பற்றி நான் படித்ததில் இதைவிட உண்மையான செய்தி வேறு இல்லை. அழகாக உடுத்த வேண்டும் என்ற ஆசை தைக்கிறவளுக்கும் இருக்காதா என்ன?

பல முதலாளிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள், நியூயார்க்கில் ஷர்ட்வெய்ஸ்ட் தைத்த டிரையாங்கிள் நிறுவனம் போடவில்லை. 1911 மார்ச் 25 மாலை அங்கே எட்டாவது மாடியில், துணி வெட்டும் மேசைக்கு அடியில் குவிந்திருந்த கழிவுத் துணியில் தீப்பிடித்தது. பத்தாவது மாடிக்குத் தொலைபேசியில் தகவல் போனது, அங்கிருந்த முதலாளிகள் கூரை வழியாகத் தப்பினார்கள். ஒன்பதாவது மாடிக்குத் தகவல் போகவே இல்லை. அங்கே ஒரு கதவு பூட்டியிருந்தது. துணி திருடிவிடுவார்கள் என்று, வெளியேறுகிறவர்களின் பையைச் சோதிக்க வசதியாக ஒரே வழியை விட்டு மற்றதைப் பூட்டுவது அங்கே வழக்கம். தீயணைப்பு ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள், அவர்களில் 123 பேர் பெண்கள், 14 வயதுச் சிறுமிகள் உட்பட. முதலாளிகள் இருவரையும் நீதிமன்றம் விடுதலை செய்தது. 1913இல் அவர்களில் ஒருவர் மறுபடியும் வேலை நேரத்தில் கதவைப் பூட்டிவைத்துப் பிடிபட்டார், அபராதம் 20 டாலர்.

அன்று நெருப்புக்குத் தப்ப ஜன்னல்களிலிருந்து குதித்தவர்களைத் தெருவில் நின்று பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் பிறகு தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்களுக்காக உழைத்து, 1933இல் அமெரிக்காவின் முதல் பெண் அமைச்சராகவும் ஆனார். இதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஆண்டுகளின் உடை வரலாற்றை எப்படி எழுத முடியும்?

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் ஷர்ட்வெய்ஸ்ட்டுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். 1909 வேலைநிறுத்தப் பெண்களின் புகைப்படங்கள் எவ்வளவோ இருக்கின்றன, அந்தத் தொப்பிகளோடேயே. அதில் ஒன்றைப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி