கண்ணுக்கு எதற்குத் தலையில் வைத்தியம்?

மக்களே,

கண்ணில் கோளாறு என்றால் களியக்காவிளையிலேயே பார்த்திருக்கலாமே, எதற்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினீர்கள் என்று போனில் கேட்டாய். அம்மா பக்கத்தில் படுத்திருந்ததால் விவரமாகச் சொல்லவில்லை.

மரச்சீனி அரிந்துகொண்டிருந்தவள், முற்றத்துத் தெங்கு ரெண்டாகத் தெரிகிறது என்றாள். வலது கண்ணுக்கு மேலே வலி. மத்தியானத்துக்குள் அந்த இமை இறங்கி மூடிவிட்டது. சுகராக இருக்கும் என்றார்கள் பக்கத்து வீட்டில். சுகரிலும் இப்படி வரும், பொய்யில்லை. ஆனால் கண் டாக்டர் இமையைத் தூக்கி டார்ச் அடித்தபோது, கண்ணின் நடுவே இருக்கிற பாவை பெரிதாக விரிந்து சுருங்காமலே நின்றது. இன்றைக்கே தலை ஸ்கேன் எடுக்கணும் என்று சீட்டு எழுதிவிட்டார்.

மூளைக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் பலமிழந்து, பழைய சைக்கிள் டியூப் மாதிரி புடைத்துவிடுமாம். அனியூரிசம் என்கிறார்கள். கண்ணைத் திருப்புகிற, இமையைத் தூக்குகிற மூன்றாம் நரம்பு அந்தக் குழாயை ஒட்டியே போகிறது. பாவையைச் சுருக்கும் இழைகள் நரம்பின் வெளிப்பக்கம் இருப்பதால், புடைப்பு அழுத்தினால் அவைதான் முதலில் மாட்டும். சுகரில் கெடுவது நரம்பின் உள்பக்கம். பாவை பெரும்பாலும் தப்பிவிடும். அப்படி அழுத்தத் தொடங்கிய புடைப்பு எந்த நேரமும் வெடிக்கலாம். அதுதான் அந்த ஓட்டம்.

தொடை வழியாகக் குழாய் விட்டு, அம்மாவுக்கு இருந்த புடைப்பைப் பிளாட்டினக் கம்பிச் சுருளால் அடைத்துவிட்டார்கள். மண்டையைத் திறக்கவில்லை. இமை இப்போது பாதி திறக்கிறது. முழுதும் சரியாக மாதக்கணக்கில் ஆகுமாம். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு சீரியல் பார்க்கிறாள்.

நீ ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். ரெண்டாகத் தெரிந்தால் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார். ஒரு கண்ணைப் பொத்தியும் மற்றதில் ரெண்டாகவே தெரிந்தால் பெரும்பாலும் கண்ணோடு நிற்கிற கோளாறு. எதைப் பொத்தினாலும் ஒன்றாகிவிட்டால் ரெண்டு கண்ணும் சேர்ந்து திரும்பவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. மஸ்கட்டில் லீவு கிடைக்காது என்ற கதையெல்லாம் வேண்டாம்.

உன் அம்மாச்சி திடீர்த் தலைவலியில் விழுந்து, மூளையில் ரத்தம் கசிந்துதான் போனாள். அதைச் சொன்னதும் டாக்டர், சித்தியையும் உன்னையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிரஷரையும் பார்த்துக்கொள். சிகரெட் இதற்கு ரொம்பக் கெடுதலாம். அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது எடுத்துவிடலாம். ஊசி மருந்து ஏற்றாமலே எம்.ஆர்.ஐ.யில் ரத்தக்குழாயைப் பார்க்க முடியுமாம். உன் ஊசிப் பயத்தை நினைத்து அம்மாதான் கேட்டு வைத்தாள்.

அப்பா